பத்தொன்பதாவது முத்திரை

செய்தி ரெலிபோனில் வந்தது. எடுத்த பேத்தி, "அம்மம்மா, நடராசா அங்கிள் போயிட்டாராம், ஹார்ட் அற்றாக்" என்றாள். ரொறன்ரோவின் வோபர்னில் அன்று முழுக்கப் பனி கொட்டியது. அடுத்த நாள் இன்னொரு அழைப்பு, எங்கள் சங்கத் தலைவர். "முப்பத்தோராம் நாள் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு முதல் பக்கம் நான் எழுதுறன், அக்கா. நடராசா எனக்குக் கீழ நிண்டு வேலை செய்தவன்தானே." அதைக் கேட்டபிறகுதான், ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் பேனையை எடுத்தேன்.

தம்பி நடராசா மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்தவர். இங்கே பெட்டி செய்யும் ஃபக்டரியில் நின்றார். நானும் மகனும் இதே நகரத்து வெக்ஸ்போர்ட்டில் தேயிலை பொதிசெய்து விற்றோம். சோவியத் உடைந்தபின் அங்கே புதிதாய்ப் பிறந்த நாடொன்று, "வாருங்கள், தொழில் தொடங்குங்கள்" என்று உலகத்தையே கூப்பிட்டது. தேத்தண்ணி குடிக்காத வீடு இல்லாத நாடு. நான் போனேன். மொழிக்கு நடராசாவைக் கூட்டிப் போனேன்.

கூப்பிட்டவர்கள், தேயிலைக் கொட்டில் திறக்க அரசாங்கக் கந்தோர்களின் பத்தொன்பது முத்திரை கேட்டார்கள். தீயணைப்புக் கந்தோர் முத்திரைக்கு ஆயுள் முப்பது நாள். அது உயிரோடு இருந்தால்தான் சுகாதாரக் கந்தோர் தன்னுடையதைக் குத்தும். அதற்கு நாற்பது நாள் எடுக்கும். மூன்று தரம் சுற்றினோம். கள்ளர் என்று திட்டினேன். நடராசா சிரித்தார். "கள்ளர் இல்லை அக்கா. ஒருத்தன்ர மேசையை மற்றவன் எட்டிப் பார்த்ததில்லை." பிறகு மேசை மேசையாய் ஏறி இறங்கி, எந்த முத்திரை எதை மறிக்கிறது என்று ஒரு தேயிலைப் பெட்டி மட்டையில் படமாய்க் கீறினார்.

அடுத்த வருடம் அந்த நாட்டு அமைச்சர் முதலீடு தேடி ரொறன்ரோவுக்கு வந்தார். ஹோட்டலில் தலைவர் வரவேற்பு வைத்தார். வாசலில் நடராசாவைக் கண்டதும், "நடராசா, உந்தக் கோட்டுகளை ஒருக்காப் பிடியும்" என்றார். பனி சொட்டும் கோட்டுகளோடு நின்ற மனிசனை இழுத்துக்கொண்டு போய் அமைச்சருக்கு முன்னால் விட்டேன். நான் கொண்டுபோன மட்டையைக் காட்டி ரஷ்ய மொழியில் கால் மணித்தியாலம் பேசினார். முதலில் சிரித்த அமைச்சர், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் நின்றவரை எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

பத்தொன்பது ஐந்தானது, எல்லாம் ஒரே கந்தோரில். எங்கள் கொட்டில் திறந்தது. பின்னால் வேறு நாட்டுக்காரரும் போனார்கள். இங்கே பத்திரிகையில் தலைவரின் படம் வந்தது, "என் ஆலோசனையால்" என்று. நடராசாவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

"விடுங்கோ அக்கா, கதவு திறந்திட்டுது. ஆர் திறந்தா என்ன?"

"நீர் விடும். நான் விடமாட்டன்."

இன்னும் விடவில்லை. அந்த மட்டை என்னிடம் இருக்கிறது, முழுக்க அவருடைய ரஷ்ய எழுத்து. அதன் படத்தை இந்தப் பக்கத்துக்கு எதிரே போடச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தைத் தலைவரே வைத்துக்கொள்ளட்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவர் மண்டபத்துக்கு வருவார், பேச எழும்புவார். நடராசாவை அறிந்தவர்களே, அவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கோ: பத்தொன்பதாவது முத்திரை எந்தக் கந்தோருடையது?

அவர் யோசித்து முடிக்கும்வரை, அவருடைய கோட்டை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.