படிக்காமல் போட்ட கையெழுத்து

மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அங்கே இரண்டு பாய்லர்கள். ஒன்று சுவரோரம் நிற்கும். இன்னொன்று காலை பத்து மணிக்கு அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே வரும். இந்த இரண்டாவதுதான் மேற்பார்வையாளர், பாய்லர் அக்கா. முதலாவதற்கு வருடாவருடம் பரிசோதனை உண்டு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ள ஒரு வால்வும் உண்டு. அக்காவுக்கு இரண்டும் கிடையாது.

பதினெட்டு வருட சர்வீசில் அவள் கோபப்படாத நாள் ஒன்றே ஒன்று. காய்ச்சலோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த நாளில்தான், போர்வைச் சுருட்டலுக்குள் யாரோ மறந்துவிட்ட ஊசி ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஏறியது. அதற்குப் பிறகு அவள் கோபத்தை யாரும் குறை சொன்னதில்லை. அவளும் அதற்கு லீவு கொடுத்ததில்லை.

சனிக்கிழமைகளில் அந்தக் கோபத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் கடைசி இரண்டு வருடத்துக்குச் சர்வதேச டிப்ளமா என்று ஒன்று இருக்கிறது. ஆறு பாடம், நாலாயிரம் வார்த்தையில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இது போதாதென்று சமூக சேவையும் செய்து, செய்ததற்குச் சாட்சியாகப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளைகள் வருவார்கள், தலையணை உறை மடிப்பார்கள். மடிப்பதற்கு முன் ஒரு படம், மடித்த பின் ஒரு படம், நடுவில் கொஞ்சம் மடிப்பு.

"ஆன்ட்டி, மூணு மணி நேரம்னு போட்டுடுங்களேன். எல்லா எடத்துலயும் அப்படித்தான் போடறாங்க."

"அப்ப எல்லா எடத்துக்கும் போ. இங்க நீ வந்தது பத்தே கால். கையுறையைக் கழட்டினது பதினொண்ணே முக்கால். நடுவுல போன்ல இருபது நிமிஷம். ஒரு மணி பத்து நிமிஷம்."

அப்படியே எழுதுவாள். எழுதுவதற்கு முன் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். 'கற்றுக்கொண்டது' என்ற கட்டத்தில் ஒருவன் 'உழைப்பின் மேன்மை' என்று நிரப்பியிருந்தான். "மேன்மையெல்லாம் நான் சொல்லிக் குடுக்கலையே. உறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டுத்தான் மடிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அதை எழுது" என்று அடித்துத் திருத்தவைத்தாள்.

பிள்ளைகளைத்தான் திட்டினாளே தவிர, டிப்ளமாவை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. மூத்த மகள் அதே பள்ளிதான். அடுத்த வருடம் அவள் முறை. மார்க் இருந்தால் போதும், இடம் உண்டு. மகளிடம் மார்க் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல், டிப்ளமாவில் சேர்பவர்களின் பட்டியல் போனுக்கு வந்தது. நாற்பத்திரண்டு பெயர். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். மகளின் பெயர் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.

சீருடையைக்கூட மாற்றாமல் கிளம்பினாள். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி, பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

டிப்ளமாவுக்குப் பொறுப்பான மேடத்தின் அறையில் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"என் பொண்ணு எதுல குறைஞ்சு போயிட்டா? உங்க பசங்க சேவை செய்ய எடம் வேணும்னா என் லாண்டரி. என் பொண்ணுக்கு எடம் வேணும்னா மட்டும் லிஸ்ட் ரொம்பிடுமா?"

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்தா கோபம் போயிடும். நின்னே பேசறேன்."

மேடம் கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நாங்க வேண்டாம்னு சொல்லலம்மா. உங்க பொண்ணுதான் எழுதிக் குடுத்திருக்கா. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

'சாதாரணப் பிரிவு' என்ற கட்டத்தில் டிக். காரணம் என்ற இடத்தில் மகளின் குண்டுக் கையெழுத்து: 'வீட்டுப் பொறுப்பு இருப்பதால் நேரம் போதாது.' அதற்குக் கீழே பெற்றோர் கையொப்பம்.

கள்ளக் கையெழுத்து என்று கத்த வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். கடைசி எழுத்தின் வாலை அப்படி நீட்டி இழுப்பவள் உலகத்தில் ஒருத்திதான். போன மாதம் ஒரு காலை, ஒரு கையில் சின்ன மகளின் காலணி, மறு கையில் சீப்பு. "ஸ்கூல் பேப்பர்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றாள் மூத்தவள். சீப்பை வாயில் கடித்துக்கொண்டு போட்டது. ஊரார் பிள்ளைகளின் தாளில் ஒரு நிமிடத்தைக்கூடத் தப்பவிடாதவள், பெற்ற பிள்ளையின் தாளில் ஒரு வரி படிக்கவில்லை. நம்பிக்கை என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

"வியாழக்கிழமை வரைக்கும் மாத்திக்கலாம். புதுப் படிவம் தர்றேன். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்" என்ற மேடம், சற்றுத் தயங்கி, "இந்த 'ஒரு மணி பத்து நிமிஷம்'னு எழுதறது நீங்கதானா?" என்றார்.

"ஏன், தப்பா?"

"இல்லம்மா. எனக்கு வர்ற படிவத்துல நான் நம்பறது அது ஒண்ணைத்தான்."

பாராட்டு வந்து சேர வேண்டிய நேரமா இது? வெளியே வந்தபோது, கொண்டுபோன கோபத்தில் முக்கால்வாசி அப்படியே கையில் இருந்தது. இறக்கிவைக்க வேண்டிய இடம்தான் மாறியிருந்தது.

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மூத்தவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுச் சின்னவள் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"

மகளுக்கு உடனே புரிந்தது. "உன்னைக் கேட்டுத்தான். கையெழுத்துப் போட்டியே."

"வாயை உடைப்பேன்."

"உடை. மூணு மணிக்கு இவளை ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வருவா? அப்பாவா?" அப்பா கப்பலில் சமையல்காரர்; வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில். "டிப்ளமா கிளாஸ் நாலரை வரைக்கும்மா. உனக்கு வேலை முடியறது ஆறு மணிக்கு. அதுக்கு மேல சேவை வேற."

"இவளைக் கூட்டிட்டு வர்றே, சோறு போடறே, பாடம் சொல்லிக் குடுக்கறே. அது சேவை இல்லையா?"

"இல்ல. சொந்தக் குடும்பத்துக்குச் செஞ்சா கணக்குல வராது. விதி."

"எவன் போட்ட விதி? ஒருத்தன் வந்து என் உறையை ஒரு மணி பத்து நிமிஷம் மடிச்சா அது சேவை. நீ மூணு வருஷமா செய்யறது ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல. அதுக்குப் பேரு வீட்டு வேலை."

கையிலிருந்த பையை அம்மா தரையில் போட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"சொன்னா நீ வேலையை விடறேம்பே. அதான் சொல்லல."

"ஓ, தியாகமா? பெத்தவ நான் இருக்கேன். தியாகம் பண்றது என் டிபார்ட்மென்ட். உனக்கு அங்க வேலை கிடையாது!"

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அதுல ஆசையே இல்ல."

"ஆசை இல்லாதவளுக்குக் கிளாஸ் நாலரைக்கு முடியுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

மகள் துணியைப் பார்த்தாள். சின்னவள் படத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அக்கா அந்தப் பெரிய கட்டுரைக்குத் தலைப்பு கூட வெச்சிருக்காம்மா. ரத்தக் கறை."

"நீ சும்மா இரு!"

"என்ன ரத்தக் கறை?"

மூத்தவள் வேண்டா வெறுப்பாகச் சொன்னாள்: "நீதான் எப்பவும் கத்துவியே. ரத்தக் கறைக்கு மொதல்ல பச்சைத் தண்ணி, சுடுதண்ணி பட்டா பிடிச்சுக்கும்னு. எத்தனை டிகிரி சூட்டுல பிடிச்சுக்குது, ஏன்னு பார்க்கலாம்னு நெனச்சேன். அவ்ளோதான்."

பதினெட்டு வருடமாக அடித்தளத்தில் அவள் கத்திக்கொண்டிருக்கும் வாக்கியம் அது. ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆளும் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக் கத்தினாள்.

மறுநாள் விடியுமுன்பே சலவைப் பிரிவுக்குப் போய், காலை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் முன்னால் நின்றாள். ஆறிலிருந்து இரண்டு வரை அவர் பொறுப்பு.

"அண்ணே, ஸ்கூல் புது வருஷம் தொடங்கினதும் ஷிஃப்ட்டை மாத்திக்கலாம்."

அவர் நம்பவில்லை. "ராத்திரித் துணி மொத்தமும் காலைலதான் வரும். ஆள் பத்தாது. பிரிக்கிற மேஜைல நீயும் நிக்கணும்மா."

"தெரியும்."

தெரியாமல் என்ன? வார்டுகளிலிருந்தும் அறுவை அரங்கிலிருந்தும் வரும் ஈர மூட்டைகளை அவிழ்த்துப் பிரிக்கும் அந்த மேஜையில் அவள் ஏழு வருடம் நின்றிருக்கிறாள். இனி அந்த நாற்றம் வேண்டாம் என்று மேலிடத்தில் சண்டை போட்டுப் பகலுக்கு வந்தவள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"ஆமா. கையெழுத்துப் போடுங்க."

வியாழக்கிழமை காலை புதுப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் பையோடு வாசலில் நின்றாள்.

"காலை ஷிஃப்ட் எப்படிம்மா குடுத்தாங்க?"

"கேட்டேன். குடுத்தாங்க."

மேஜையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு சண்டை. அதில் நியாயம் மகள் பக்கம் இருக்கும்.

"சீக்கிரம்மா. பஸ் போயிடும்."

"போகட்டும், இன்னொண்ணு வரும். 'மாணவர் தாமாகவே விரும்பி'ன்னு போட்டிருக்கு. தாமாகவேதானே?"

"ஆமாம்மா!"

"கத்தாதே. எழுதியிருக்கறதைத்தான் கேட்டேன்."

ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்து, கையெழுத்திட்டு, வாலை இழுத்து, பக்கத்தில் பழக்க தோஷத்தில் 'படித்தது: பதினான்கு நிமிடம்' என்றும் எழுதினாள்.

"ஐயோ, இதுல இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா!"

"உங்க மேடத்துக்குப் புரியும். நீ உன் கையெழுத்தைப் போடு."

மகள் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டாள். பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கதவு அறைந்த வேகத்தில் சுவரிலிருந்த நாட்காட்டி ஒருபக்கம் சாய்ந்தது.

அதை நிமிர்த்திவிட்டுத் திரும்பியவள், சின்னவளின் பள்ளி டைரி பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எடுத்துப் புரட்டினாள். ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். அடுத்த வாரம்: பேசுகிறாள். அதற்கடுத்த வாரம்: பக்கத்துப் பிள்ளையையும் பேச வைக்கிறாள். மூன்றுக்கும் கீழே, நீண்ட வாலோடு, அவளுடைய கையெழுத்து.

சின்னவள் சத்தமில்லாமல் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே. இங்க வா."