ஜன்னலுக்கு விலை சொன்னவன்

எண்பதுகளில் மலேசியாவில் வாரநாட்களில் எனக்குத் தொழிற்சாலை வேலை. ஞாயிறு ஈப்போ வீடுகளில் ஜன்னல் துடைப்பேன். எல்லாம் பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் கொண்ட அடுக்கு ஜன்னல்கள். அங்கே எனக்கு முன்பே துடைத்துவந்த மாரிமுத்து அண்ணன் ஒவ்வொரு கண்ணாடிக்கும் காசு கேட்பார். நானோ முழு ஜன்னலுக்கே ஒரு வெள்ளி, அதாவது ஒரே ஒரு ரிங்கிட் என்றேன். அவர் துடைத்துவந்த வீடுகள் என்னிடம் வந்தன.

ஒரு ஞாயிறு அண்ணன் வந்து என் ஏணியை எட்டி உதைத்தார். துடைக்கக் கழற்றிய கண்ணாடியோடு விழுந்தேன், உள்ளங்கை கிழிந்தது. என்மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினார்.

“எம்புள்ளைங்க வயித்துல அடிக்கிறியாடா?”

ரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். தன் சட்டையைக் கிழித்து என் கையைக் கட்டினார். மிச்ச ஜன்னல்களை அவரே துடைத்து, கூலியை என் பையில் திணித்தார்.

“பக்கத்து ஊரு செமோர் பக்கம் நீ எடுத்துக்கலாம். ஆனா கண்ணாடிக்குத்தான் வெல சொல்லணும்.”

அப்படித்தான் தொழில் வளர்ந்தது. இன்றும் செமோரில் எவனாவது ஜன்னலுக்கு விலை சொன்னால், தழும்புள்ள இந்தக் கை தானாகவே முஷ்டியாக மடங்குகிறது.