நீலக் கண்ணாடிக்குள் ஓர் அரக்குப் புடவை

எங்கள் பழைய அலுவலகத்துக்கு இப்போது முன்சுவர் கிடையாது. ஆரணியில் நெசவாளர்களின் பட்டுப் புடவைகளைத் தரம் பார்த்து வாங்கும் கூட்டுறவுச் சங்கம் அது. முப்பது ஆண்டுகள் அங்கேதான் குப்பை கொட்டினேன். நாலு மர ஜன்னல்கள் இருந்த இடத்தில் கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. சட்டம்கூட வெளியே தெரியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறார்கள்.

பழைய ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டுவார். டீயோடு ஊர்ச்செய்தியும் உள்ளே வரும். மழைக்காலத்தில் ஜன்னல் கதவு ஈரத்தில் உப்பிக்கொண்டு மூடாது. ஒருமுறை முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். தச்சர் கோடையில் வந்தார். அதற்குள் கதவு தானாகவே சரியாகியிருந்தது. அந்தக் கதவுகளை இன்றும் தேடுகிறது மனம்.

கட்டடத்தைப் புதுப்பித்தபோது, நடைமுறை தெரிந்தவன் என்று என்னையும் குழுவில் போட்டார்கள். விலைப்புள்ளிகள், நிபந்தனைகள், ஒப்பீட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பார்த்தேன். கண்ணாடியின் நிறத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்த நீலத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

போன மாதம் என் பணிப்பதிவேட்டின் நகல் வாங்கப் போயிருந்தேன். தரம் பார்க்கும் மேசையில் ஓர் அரக்கு நிறப் புடவை விரிந்து கிடந்தது. சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு நெய்தது. முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான். தரம் பார்க்கும் பெண் அதிகாரி, நிறத்துக்கு அடையாளமாகச் சங்கம் வைத்திருக்கும் மாதிரி நூலைப் புடவைமேல் வைத்துப் பார்த்தார்.

"நிறம் ஒத்து வரலம்மா. திருப்பித்தான் அனுப்பணும்."

"அதே நிறம்தான் மேடம்," என்றார் நெய்த பெண். "பதினஞ்சு நாளா இதையே பாத்துகினு இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"என் கண்ணுக்கு வேறயாத்தானே தெரியுது?"

"உள்ள வந்ததுலேர்ந்து என் கையே செத்தவ கை மாதிரி கீது. அதையும் திருப்பி அனுப்புவீங்களா?"

நீட்டிய கை நீலமாகத்தான் இருந்தது. வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் வேறு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. எனக்கும் தெரிந்ததுதான், கையெழுத்துப் போட்ட அன்று நினைவுக்கு வரவில்லை.

"மேடம், நிறத்தை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்துலதான் ஒப்பிடணும்னு விதி இருக்கு. அதை இன்னும் யாரும் ரத்து பண்ணல," என்றேன்.

"ஜன்னல் எங்க சார் இருக்கு?"

"அதை எடுத்த குழுவுல நானும் இருந்தேன். வாங்க, தெருவுக்குப் போலாம்."

வாசலில் நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். அதிகாரி நூலைப் புடவையின் உடல் பகுதிமேல் வைத்தார். நூல் இருந்த இடமே தெரியவில்லை. குனிந்து விரலால் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"சரியாத்தான் இருக்கு. உள்ள வாங்க, எழுதித் தரேன்."

"உள்ள வேணாம் மேடம். இங்கியே எழுதிக் குடுத்துடுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, வாசலில் நின்றிருந்த ஸ்கூட்டரின் இருக்கைமேல் வைத்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவேட்டை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுவரக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை.