நிழல்காரரின் விரிப்பு

கேமராவை உறையிலிருந்து எடுக்காமலே மரத்தடி மரத்தடியாக நடக்கிறார். ஓரிடத்தில் நின்று, உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கைரேகை பார்க்கிறவர் என்று நினைத்து ஒருவர் கையை நீட்டியதும் உண்டு. கையில் வெளிச்சம் எப்படி விழுகிறதோ அப்படித்தான் முகத்திலும் விழும் என்பது அவர் கணக்கு.

பூங்காவில் படம் எடுத்துக் கொடுக்கும் அவருக்கு நிழல்காரர் என்று பெயர். வெயிலில் நிற்பவர்களை விடமாட்டார். "அங்க நின்னா மூஞ்சி புளிப்பு தின்ன மாதிரி இருக்கும்க்கா. இப்படி உள்ள வாங்க."

ஆளை நிறுத்தியதும் காலடியில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். "புல்லு சும்மா இருக்காதுண்ணே. பச்சையை மூஞ்சில ஏத்திவிட்டுரும். நல்லா இருக்கிறவனும் சீக்காளியாத் தெரிவான்." ஒருமுறை ஒரு பெரியவர், "கோடித்துணியை இப்பவே விரிச்சிட்டியா தம்பி? இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார். நடைக்கு வந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெரியவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நிழல்காரர் அதைக் கவனித்தார்.

சட்டை விஷயத்தில் மனிதர் மகா கறார். சந்தன நிற முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையக் கூடாது. ஓர் இலை விழுந்தாலும் தட்டிவிட்டுத்தான் மறுவேலை. அந்த மினுக்கைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு.

போன வாரம், மழை விட்ட காலையில், ஒருவர் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் தலையில் கட்டியிருந்த துணியைத் தானே அவிழ்த்தார்.

"பழைய படம் நிறைய இருக்குண்ணே. ஆனா என் பொண்ணு சின்னவ. அவளுக்குத் தெரிஞ்ச அம்மா இந்த மொட்டைத்தலைதான். இதுலயே நான் நல்லாத் தெரியணும்."

"தெரிவே தங்கச்சி."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். சுற்றிலும் பச்சைப்பசேலென்று ஈரப் புல். வழக்கம்போல் பையிலிருந்து வெள்ளைத் துணியைப் பாதி உருவியவர், அந்தப் பெண்ணின் பார்வை அதில் நிலைப்பதைக் கண்டார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி பைக்குள் திரும்பிப் போனது. ஆனால் அது இல்லாவிட்டால் அந்த வெளுத்த முகத்தில் பச்சை ஏறிவிடும்.

நிழல்காரர் மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்தார். பிறகு மற்றவற்றை. ஓட்டை விழுந்த பனியனோடு ஈரப் புல்லில் மண்டியிட்டு, சந்தனச் சட்டையை அந்தப் பெண்ணின் காலடியில் சுருக்கமில்லாமல் விரித்தார்.