வெள்ளிச் சாமியிடம் அக்கா கேட்டது

அக்கா மகள் வங்கி வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் சுவரில் படம் வரைகிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது, அவள் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"ஏலே, சனிக்கிழமைக்கு டிக்கெட் போடு. அவளக் கையோட கூட்டிட்டு வந்துரணும்."

அத்தான் வரவில்லை. உளுந்துக்கு மருந்தடிக்க வேண்டும் என்றார். மகளிடம் அவருக்குப் பயம் என்பது ஊருக்கே தெரியும். தாய்மாமனான எனக்கும் பயம்தான். ஆனால் அக்காவிடம் அதைவிட அதிகப் பயம்.

கோவில்பட்டியில் ரயில் ஏறி, ஞாயிறு காலை எழும்பூரில் இறங்கினோம். பத்து மணிக்கு வேலை நடக்கிற இடத்துக்கே வரச் சொல்லியிருந்தாள் மருமகள். நேரம் கிடந்ததால் அக்காவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வழியில் பாலத்துத் தூண்களில் எல்லாம் படங்கள். ஒன்றில் மீன்காரி, ஒன்றில் யானை. அக்கா ஒவ்வொரு தூணையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தக் கட்சிலே இது? சின்னத்தையே காணோம்."

"கட்சி இல்லக்கா. சும்மா அழகுக்கு."

"சும்மா அழகுக்கு எவன் பெயிண்டு வாங்கித் தருவான்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எங்கள் பக்கம் தேர்தல் வராமல் பொதுச் சுவரில் பெயிண்ட் ஏறாது.

கடற்கரையோரம் ஒருவன் தலை முதல் கால் வரை வெள்ளி பூசிக்கொண்டு, கோட்டும் தொப்பியும் கையில் பெட்டியுமாக ஒரு ஸ்டூலின் மேல் நின்றான். முன்னால் விரித்த துணியில் கொஞ்சம் சில்லறை கிடந்தது. சிலை என்றே நினைத்துப் பக்கத்தில் போன நான், அது கண் இமைத்ததும் ஓரடி பின்வாங்கினேன். அக்கா செருப்பைக் கழற்றினாள்.

அது புரட்டாசி மாதம். தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி எங்கள் ஊரில் கடை கடையாக வருவார்கள். வேஷம் கலையும் வரை அவர்கள் சாமிதான். பக்கத்துத் தெருக் கொத்தனார் கரடியாக வந்தாலும் கும்பிட்டுத் திருநீறு வாங்காமல் அனுப்ப மாட்டோம்.

"அக்கா, இவியளுக்கு இது பிழைப்பு. சாமிக்கு நேர்ச்சை கெடையாது."

"வாயக் கழுவு. ஆபீசர் வேசம் கட்டியிருக்காவ. இந்த வெயில்ல வெறும் ஆளு இப்படி நிப்பானா?"

காணிக்கையைப் போட்டுவிட்டு, ஊருக்கே கேட்கும்படி வேண்டினாள். "சாமி, எம்மவ நல்லாப் படிச்ச பிள்ள. சுவத்துல தொங்கிக்கிட்டுக் கெடக்கா. அவள எங்கூட அனுப்பிவச்சிரு."

பிறகு திருநீற்றுக்குக் கையை நீட்டினாள். அவன் அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. இந்தப் போட்டியில் அக்காவை ஜெயிக்க ஆள் பிறக்கவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கூட்டம் கூடியது. செல்போன்கள் உயர்ந்தன. அக்காவுக்குப் பின்னால் இன்னொரு அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். நான் யாரோ போலத் தள்ளிப்போய்ச் சுண்டல் வாங்கினேன். வெள்ளிக்காரன் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

கடைசியில் அவன் ஒற்றை விரலைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோய், கொஞ்சம் வழித்து, அக்காவின் நெற்றியில் இட்டான். கூட்டம் கைதட்டியது.

"கேட்டது கெடைக்கும்லே," என்று அக்கா செருப்பை மாட்டினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. அதன் பக்கச் சுவர் முழுக்க ஒரு பெரிய மீன், பாதி வரைந்தபடி. மூன்றாம் மாடி உயரத்தில், இரண்டு கயிறுகளில் தொங்கும் பலகையில், தலைக்கவசம் போட்டு உட்கார்ந்து செதிலுக்கு நீலம் தடவிக்கொண்டிருந்தாள் எங்கள் பிள்ளை. ரயிலில் விடிய விடிய ஒத்திகை பார்த்த ஏச்சு இதோ வரப்போகிறது என்று அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கூப்பிடட்டாக்கா?"

"கூப்பிடாத. திரும்பிப் பாத்தான்னா கால் தவறிரும்."

ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். அவள் இறங்கிவந்து எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது. முழங்கை வரை நீலம்.

"ஏசணும்னா ஏசிரும்மா. நான் வரமாட்டேன்."

அக்கா அவளைத் தாண்டிப்போய்க் கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இத யாரு பாக்காவ?"

"நான்தாம்மா. ஏறுததுக்கு முன்னால ரெண்டு தடவ பாப்பேன்."

"ஏறுத ஆளே பாத்தாப் போதுமா? இன்னும் எத்தன நாளு வேல இருக்கு?"

"பன்னெண்டு நாள்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ போயி அத்தான்கிட்டச் சொல்லிரு. பன்னெண்டு நாளும் கயித்த நான் பாத்துட்டுத்தான் இவள ஏத்துவேன்."

தலைக்கவசத்தைக் கழற்றாமலே மருமகள் அழ ஆரம்பித்தாள்.