சித்தப்பாவின் அறுநூறும் சித்தியின் இருநூறும்

இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "அறுநூறு வருசம்!" என்று சித்தப்பா கத்திய காலைதான், எண்பதுகளின் ஏற்காடு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

சித்தப்பாவும் சித்தியும் தொல்லியல் ஆய்வாளர்கள். அவர் தலைச்சோலையில் தோண்டினார், சித்தி கரடியூரில். கிடைத்த கரித்துண்டுகளின் காலம் கணிக்கப்பட்டு அன்றுதான் வந்திருந்தது. அவருடைய கரிகளில் ஒன்று, மற்றவற்றின் சராசரியைவிட அறுநூறு ஆண்டு பழையது. சித்தியினுடையதில் ஒன்று இருநூறு ஆண்டு பழையது. யாருடைய காலம் அதிக விசித்திரமோ அவரே மெட்ராஸ் கருத்தரங்கில் பேசுவது என்று இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். சேலத்தில் புள்ளியியல் கற்பித்துவந்த நான், விடுமுறைக்கு மலையேறி வந்து நடுவராக மாட்டிக்கொண்டேன்.

"அறுநூறு பெருசா, இருநூறு பெருசா? இதுக்கெதுக்கு கண்ணு கணக்கு?"

"நீங்க அரை மணி லேட்டா வந்தா யாரும் கேக்கறதில்லீங்க, சித்தப்பா. சித்தி அஞ்சு நிமிசம் லேட்டானா ஊரே தேடுது. வழக்கமா எவ்வளவு முன்னே பின்னே போகும்னு பாக்கோணுங்க."

அந்த வழக்கமான சிதறலைத்தான் திட்டவிலக்கம் என்கிறோம். தலைச்சோலைக் கரிகளில் அது ஐந்நூறு ஆண்டு. அறுநூறை அதால் வகுத்தால் ஒன்றே கால்கூட வரவில்லை. கரடியூரில் வெறும் ஐம்பது. இருநூறை வகுத்தால் நான்கு. வகுத்து வந்த இந்த எண்களை, அதாவது இசட் மதிப்புகளை, வைத்துப் பார்த்தால் சித்தியின் கரிதான் மகா விசித்திரம்.

"ஏனுங்க, பொட்டியை எறக்குங்க. மெட்ராஸ் போகோணும்" என்றார் சித்தி.

"நாலுங்கறது நொம்ப அதிகம் சித்தி" என்றேன் நான். "அந்தக் கரி உங்க குழியோடதுதானான்னு மொதல்ல பாக்கோணுங்க."

சித்தப்பா மறுபடி உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார். சித்தி அவரையே பார்த்தார். மூன்றாவது இட்லியில் உண்மை வெளியே வந்தது.

"ஆய்வகத்துக்கு அனுப்ப கரியையெல்லாம் சேலத்துக்கு பஸ்ஸுல கொண்டு போனப்ப வளைவுல டப்பாவெல்லாம் கவுந்துருச்சு. பேரெழுதின சீட்டு கழண்ட பொட்டலம் ஒண்ணு கெடந்துச்சு. உன் டப்பாவுல எடம் இருந்துச்சு... வெச்சுட்டேன்."

"அதான் நான் கட்டினதுக்கு மேல ஒண்ணு வந்திருக்குதா! ஆய்வகத்துக்காரங்க பிரியமாக் குடுத்தாங்கன்னு நெனச்சேன்."

அப்படியென்றால் விலகி நின்ற அந்தக் கரிப் பொட்டலம் சித்தப்பாவுடையது. அதை அவர் கூட்டத்தில் சேர்த்துக் கணக்கிட்டேன். அங்கே அது பத்தோடு பதினொன்று. விசித்திரம் இருவர் கையிலும் இல்லை. மத்தியானம் வரை சித்தி சமையலறையில் பாத்திரங்களை உருட்டினார்.

ஆனாலும் சித்திதான் மெட்ராஸில் பேசினார். இடம் மாறிவந்த ஒரு கரியைக் கணக்கு எப்படிக் காட்டிக்கொடுத்தது என்பதே பேச்சு. "பொட்டலத்தை மாற்றி வைத்தவர் பெயரைச் சொல்வது நாகரிகமல்ல" என்றவர், முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அரங்கமே திரும்பியது. சித்தப்பா எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். கைதட்டல் ஓயவேயில்லை.

"உனக்குத் தட்டினதைவிட எனக்குத்தான் ஜாஸ்தி" என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா சொல்லிக்கொண்டு வந்தார்.

"இருக்காதுங்களா?" என்றார் சித்தி, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "இத்தனை வருசத்துல ஒருக்காகூட கைதட்டு வாங்காதவருக்கு அது அதிசயந்தானுங்க."