கோல் மார்க்கெட்டில் தலை தீபாவளி

தீபாவளிக்கு என் வீட்டில் சொதிதான். டெல்லியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டு இலை போட்டு, பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில் வெந்த அந்தக் குழம்பை ஊற்றினால், "நீங்க திருநெல்வேலியா?" என்று கேட்காதவர் இல்லை. நான் வேலூர்க்காரி. சொதிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. அது திருநெல்வேலிக்காரரான எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மேடம் வழியாக வந்தது.

மேடத்துக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் செக்‌ஷனே கப்சிப். அதே ஆபீசில் வேலை பார்த்த ஒரு கட்வால் மலைக்காரரை நான் கல்யாணம் செய்துகொண்டு, "இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வருஷம் அது. தீபாவளி நெருங்கியபோது, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே மேடம் கேட்டார்: "தலை தீபாவளிக்கு எங்க போற?" கல்யாணமான முதல் தீபாவளியைப் பெண்ணின் அம்மா வீட்டில்தானே கொண்டாடுவது. எனக்குப் போக வீடில்லை; அழுதுவிட்டேன். "ஆபீஸ்ல அழாத. மாப்ளையக் கூட்டிக்கிட்டு வெள்ளன எங்க வீட்டுக்கு வந்துரு" என்றார். ஆர்டர் போட்ட மாதிரிதான் இருந்தது.

டெல்லிக்குத் தீபாவளி மறுநாள் சாயங்காலம். நம்முடையது முதல் நாள் விடியலில்; அன்றைக்கு ஆபீஸும் உண்டு. குளியல், பலகாரம், மாப்பிள்ளை விருந்து எல்லாவற்றையும் ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். என் கணவர் இடுப்பில் துண்டோடு மணையில் உட்கார்ந்து, "ஜல்தி மேடம்ஜி, ஜல்தி" என்று குளிரில் பல் கிட்டக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேடமோ எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். மாப்பிள்ளை தலையில் மாமியார் எண்ணெய் வைப்பதுதான் முறை. அந்த இடத்துக்கு அடுத்த பிளாக் அக்காவை வரச் சொல்லியிருந்தாராம். அக்கா சுமங்கலி, பிள்ளைகுட்டிக்காரர். ஆள் வந்தபாடில்லை. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்களே வைங்க மேடம்" என்றேன்.

"ஏட்டி, சும்மா இரு. எங்க அண்ணன் மவ கல்யாணத்துலயே என்னை ஆரத்தி எடுக்க விடல. நல்ல நாளும் அதுவுமா எங் கையால வச்சு, ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?"

ஜாயின்ட் செகரட்டரியிடமே "இது ரூல்படி நடக்காது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் குரல் அது. அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. முகம் தெரியாத அந்த அண்ணன் குடும்பத்தின் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு அம்மா வீடுன்னு இப்ப இருக்கறது இது ஒண்ணுதான். நீங்க வைக்கலேன்னா எனக்குத் தலை தீபாவளியே வேணாம்" என்றேன்.

தமிழ் தெரியாத என் கணவருக்கு என்ன புரிந்ததோ, தலையைக் குனிந்து அவர் பக்கம் நீட்டினார். மேடம் வாசலை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, விரலில் எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தார். வைத்தவர் அதோடு விடவில்லை; காது, கழுத்து, முதுகு என்று வழிய வழியத் தேய்த்துவிட்டார்.

திருநெல்வேலி மாப்பிள்ளை விருந்து முறைப்படி இலையில் ஊற்றிய சொதியைப் பார்த்த என் கணவர், பாயசம் என்று நினைத்து ஸ்பூன் கேட்டார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "தேங்காப்பால் வயித்துல மந்தமா நிக்கும், இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கச் சொல்லு" என்று என்னை விரட்டினார். அப்போதுதான் அடுத்த பிளாக் அக்கா பட்டுப் புடவை சரசரக்க உள்ளே வந்தார்.

"கோவிச்சுக்காதே, பிள்ளைங்க குளிச்சு முடிக்க நேரமாயிடுச்சு. அடடே, மாப்பிள்ளை சாப்பிடவே உக்காந்தாச்சா? அப்ப எண்ணெய் யாரு வச்சது?"

மேடம் அவருக்கும் ஓர் இலையை விரித்துப் போட்டார்.

"வேற யாரு வைப்பா? மாமியாதான் வச்சா" என்றார்.